மாத்திரைக்கு மறுபத்தியம்

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவள் என்று யாராவது என்னைச் சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வரும். நான் சாப்பிடாமல் விட்டதைக்கூட ஒழுங்காகத்தான் விட்டேன். காலண்டரில் வட்டம் போட்டு, நாள் எண்ணி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி விட்டேன். அந்த ஒழுங்குதான் என் வலது கையைக் கொண்டுபோகப் பார்த்தது. கொண்டுபோக விடாமல் நிறுத்தியவர் எங்கள் ஹெல்த் சென்டரில் இருந்த ஒரு நர்ஸ் சிஸ்டர். வயதுக்கு எனக்கு மகளாக இருக்க வேண்டியவர். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்று வர மாட்டேன் என்கிறது. நேரில் அவருக்கு நான் சரியாக ஒரு நன்றி சொன்னதில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, திட்டத்தான் வரும்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் எனக்கு ஒரு தையல் கடை. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம். இரண்டு மெஷின், அதில் உட்கார இரண்டு பெண்கள். ஆனால் துணியை வெட்டுவது நான் மட்டும்தான். தைக்க ஆள் கிடைக்கும், வெட்ட ஆள் கிடைக்காது. தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம், வெட்டியது வெட்டியதுதான். பாறசாலையிலிருந்தும், அந்தப் பக்கம் களியக்காவிளையிலிருந்தும் கல்யாண ஜாக்கெட்டுக்கு என்னைத் தேடி வருகிறார்கள் என்றால் அது இந்தக் கைக்காகத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ஐம்பது தாண்டிய பிறகு ஒரு நாள் தலை சுற்றுகிறதென்று ஹெல்த் சென்டருக்குப் போனேன். பிரஷர் இருக்கிறது என்றார்கள். ஒரு மாத்திரை கொடுத்தார்கள், காலையில் ஒன்று. முப்பது நாளைக்கு உண்டு, முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். அன்றைக்குப் பயங்கரக் கூட்டம். எத்தனை காலத்துக்கு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மருந்து எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரியுமே.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் நாற்பத்தொரு நாள், அதுதான் ஒரு மண்டலம். அந்த நாட்களில் பத்தியம் உண்டு. மீன் கிடையாது, புளி கிடையாது, மரச்சீனிக் கிழங்கு கிடையாது, உப்புகூட மிகக் குறைவு. மருந்து முடிந்ததும் சட்டென்று மீன்சட்டிக்குள் கையை விட்டுவிட முடியாது. இன்னொரு நாற்பத்தொரு நாள் மறுபத்தியம். அப்போது மருந்து கிடையாது, பத்தியம் மட்டும் உண்டு. அந்த நாட்களில்தான் உள்ளே போன மருந்து உடம்பில் ஊறித் தங்கும் என்பார்கள். இடையில் வேறு மருந்து சாப்பிட்டால் முதல் மருந்து முறிந்துபோகும். என் இடுப்பு வலிக்கு, பிரசவத்துக்குப் பிறகு, என் வீட்டுக்காரருடைய முட்டுவலிக்கு, எல்லாவற்றுக்கும் இப்படித்தான் செய்தோம். நாங்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். பத்தியத்தில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டம். கல்யாண வீட்டில், மூன்றாவது தடவை பாயசம் ஊற்றியே தீருவேன் என்று நிற்கிறவன்கூட, "பத்தியம் ஆக்கும்" என்று சொன்னால் மரியாதையாக நகர்ந்துவிடுவான்.

ஆகவே முப்பது மாத்திரையை முப்பது நாள் சாப்பிட்டேன். மண்டலத்துக்குப் பதினொன்று குறைந்தது. மெடிக்கல் ஷாப்பில் போய்ப் பதினொரு மாத்திரை கேட்டேன். "அட்டைக்குப் பத்து, ஒண்ணா ரெண்டா அட்டையா வேணும்?" என்று அந்தப் பையன் கேட்டான். பதினொன்றுதான் வேண்டும் என்று நின்று, வெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். நாற்பத்தொன்றாம் நாள் காலையில் ஜெபம் செய்துவிட்டுக் கடைசி மாத்திரையை விழுங்கினேன். மறுநாளிலிருந்து மறுபத்தியம். காஞ்சிரங்குளம் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் சாளை மீன் கொண்டுவருகிற அக்கா எங்கள் வாசலில் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முப்பது வருடம் மலையும் வளைவும் பார்த்த மனிதர், உப்பில்லாத கஞ்சியைப் பார்த்துக் கலங்கிப் போனார். தனக்கு மட்டும் மீன் வாங்கிச் சமைக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதற்காகவும் ஒரு நன்றி இருக்கிறது. அதையும் நான் சொன்னதில்லை.

மறுபத்தியம் முடிகிற சமயத்தில் பிரஷர் பார்த்தேன், ரொம்ப ஒன்றும் ஏறியிருக்கவில்லை. பார்த்தீர்களா என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். எண்பத்திரண்டு நாள் உப்பைக் குறைத்ததுதான் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது. மருந்து ஊறிவிட்டது என்று நினைத்தேன். பிறகு மீன் வந்தது, கருவாடு வந்தது, ஊறுகாய் வந்தது. சில மாதத்தில் மறுபடியும் தலை சுற்றியது. ஒரு மண்டலத்தில் தீராத தீனத்துக்கு இரண்டாவது மண்டலம் செய்வது வழக்கம்தான். மறுபடியும் முப்பது மாத்திரை, மறுபடியும் மெடிக்கல் ஷாப்பில் பதினொன்று. அந்தப் பையன் இந்தத் தடவை கேள்வியே கேட்கவில்லை.

இரண்டாவது மறுபத்தியத்தின் முப்பத்துமூன்றாம் நாள். பச்சைப் பட்டு, கல்யாணப் பெண்ணுடைய ஜாக்கெட். சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுக் கத்தரியை எடுத்தேன். கத்தரி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. விரல்கள் என்னுடையவையாக இல்லை. மெஷினில் இருந்த பெண்ணைக் கூப்பிடப் பார்த்தேன், நாக்கு தடித்து வாய்க்குள் கிடந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் நாக்கு திரும்பிவிட்டது. அரை மணி நேரத்தில் விரல்களும் திரும்பின. நான் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மருந்து முடக்கியோ?" மருந்தை விட்டுவிட்டாயா என்கிறார். ஒரு நாளும் முடக்கவில்லை என்று நானும் மலையாளத்திலேயே சொன்னேன். நாற்பத்தொரு நாளில் ஒரு நாள்கூட முடக்கவில்லை என்பது கர்த்தருக்குத் தெரியும். அவர் பிரஷர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, நான் கள்ளம் சொல்கிறேன் என்றார். என் முன்னாலேயே சொன்னார்.

இது ஒரு எச்சரிக்கை, அடுத்த முறை வந்தால் கை திரும்பாமலே போகலாம் என்றும் சொன்னார். மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 'கள்ளம்' என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூன்று மாத்திரையையும் அங்கே கிடந்த பழைய தையல் மெஷினின் டிராயரில் போட்டேன். மறுபத்தியத்தில் இன்னும் எட்டு நாள் பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் புது மருந்து தொடங்குவது என்று தீர்மானம் செய்தேன். நடுவில் தொடங்கினால் பழைய மருந்து முறியும், பட்ட பாடெல்லாம் வீணாகும். கை போய்விடுமே என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தால்தான் பத்தியத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இதை இப்போது எழுதும்போது எனக்கே என் தலையில் ஒன்று போடலாம் போலிருக்கிறது.

"எடியே, அத தின்னு தொலையேன்" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். இரண்டாம் நாள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போனார். தன் முட்டுவலிக்குக்கூட ஹெல்த் சென்டர் படி ஏறாத மனிதர், எனக்காக அங்கே போய் சிஸ்டரைக் கண்டு முறையிட்டிருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது.

அன்று மத்தியானம் சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். குன்னத்துகால் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு சின்ன ஏற்றம் உண்டு. அதில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தார். கையில் பிரஷர் மிஷின் இருந்த பை. பிரசங்கம் வரப்போகிறது என்று நான் தயாராக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் நேராக அடுக்களைக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன கறி அக்கா?" என்று கேட்டார்.

"கறியா. கஞ்சியும் சிறுபயறும்."

"மீன் வாங்கல்லியா? நல்ல சாளை போகுது ரோட்டில. நான் வாற வழியில பாத்தேன்."

"பத்தியம் ஆக்கும்" என்றேன்.

"செரி. எந்த மருந்துக்கு?"

பிரஷர் மாத்திரைக்கு என்று சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை நாள் மருந்து, எத்தனை நாள் மறுபத்தியம், என்னென்ன விலக்கு, உப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினேன். மருந்து நாளுக்குச் சிவப்பு வட்டம், மறுபத்தியத்துக்கு நீல வட்டம். அவர் மாதம் மாதமாகப் புரட்டி, விரலை வைத்து எண்ணிப் பார்த்தார். பழைய மாதங்களுக்குக்கூடப் போய்ப் பார்த்தார்.

"எனக்க கிளினிக்கில நூறு பேரு உண்டு" என்றார் பிறகு. "இவ்வளவு ஒழுங்கா மருந்து எடுத்தவங்கள நான் கண்டதில்ல. நீங்க டாக்டருகிட்ட கள்ளம் சொல்லல்ல அக்கா. நாங்க உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லாம விட்டுட்டோம்."

நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு பிரஷர் பார்த்தார். மிஷினில் வந்த எண்ணை அவர் வாசிக்கவில்லை, என்னையே வாசிக்கச் சொன்னார். உப்பில்லாத கஞ்சியைக் குடித்தும் அது நூற்றெண்பதைத் தாண்டி நின்றது.

"கசாயம் குடிச்சா உள்ள எத்தன நாள் நிக்கும்னு சொல்லுவாவ?" என்று கேட்டார்.

"ஊறிட்டா அது போகாது. அதுக்குத்தானே மறுபத்தியம்."

"செரிதான். ஆனா இந்த மாத்திர ஊறுற மருந்து இல்ல அக்கா. இன்னைக்கு எடுத்தா நாளைக்கு வரைக்கும் நிக்கும். மிஞ்சிப் போனா ரெண்டு மூணு நாளு. அதுக்குப் பெறவு உடம்பில அதுக்க ஒரு துளிகூட இருக்காது. நீங்க முப்பத்தஞ்சு நாளாக் காவல் இருக்கிய. ஆனா உள்ள காக்கதுக்கு ஒண்ணும் இல்ல."

நாற்பது வருடமாக எனக்குத் தெரிந்த ஒன்றை அவர் பொய் என்று சொல்லவில்லை. அது வேறு மருந்துக்கு உள்ள முறை, இந்த மருந்துக்கு முறை வேறு என்றார். எனக்கு அது பிடித்தது. பட்டுக்கு ஒரு வெட்டு, காட்டனுக்கு ஒரு வெட்டு. அது எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அத்தனை சீக்கிரம் இறங்கிவர என் சுபாவம் விடவில்லை.

"நடுவில தொடங்கினா முதல் மருந்து முறியும்" என்றேன்.

"அது எப்பவோ போயாச்சு. முறியதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. உங்களுக்க பத்தியம் அப்படியே இருக்கட்டும். உப்பு கொறச்சது இருக்கே, அது நல்ல பத்தியம். அத விடப்பிடாது. கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். மீனு தின்னலாம், உப்பக் கொறச்சு வைங்க. அண்ணனும் பாவம்."

கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்குத் தொடங்கி ஒரு மண்டலம் எடுப்போம். நாப்பத்தொண்ணாம் நாளு நான் வாறேன். பாத்துட்டு அடுத்தத பேசலாம்" என்றார் சிஸ்டர்.

நான் போய் டிராயரிலிருந்து மாத்திரையை எடுத்து வந்தேன். கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கோயிலுக்குப் போகிறவர். எதை நினைத்துக்கொண்டாரோ தெரியாது. நான் ஆமென் என்று சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஜங்ஷனுக்குப் போய் ஒரு கிலோ சாளை வாங்கி வந்தார். இரண்டு பேருக்கு ஒரு கிலோ.

நாற்பத்தொன்றாம் நாள் சொன்னபடியே சிஸ்டர் வந்தார். பிரஷர் இறங்கியிருந்தது. "உடனே அடுத்த மண்டலம் தொடங்குவோமா?" என்று கேட்டார். நிறுத்தாமல் தொடங்கினேன். காலண்டரில் சிவப்பு வட்டம் மட்டும் வளர்ந்தது, நீலப் பேனாவுக்கு வேலை இல்லாமல் போனது. மாத்திரை இடையில் தீர்ந்துபோகாதபடி என் ஹெல்த் சென்டர் அட்டையில் தேதி எழுதி வைத்தார். வர முடியாத நாளில் கடைக்கு போன் செய்வார். ஒரு முறையாவது "மருந்து எடுத்தியளா?" என்று கேட்டாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. "எத்தனாவது நாளு அக்கா?" என்றுதான் கேட்பார். நான் கணக்காகச் சொல்லுவேன். அப்படி ஐந்து மண்டலம் போனது. கை நன்றாக இருந்தது. பச்சைப் பட்டை வெட்டிக் கொடுத்து, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமும் ஆகி, அவள் பிள்ளைத்தாய்ச்சி சுடிதார் தைக்கவும் வந்துவிட்டாள்.

ஐந்தாவது மண்டலம் முடிந்த அன்று எண் அருமையாக இருந்தது. சிஸ்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்போதுதான் அதைக் கேட்டேன். ஐந்து மண்டலமாக மனசுக்குள் வைத்திருந்தது.

"இனி போதும்னு எப்ப சொல்லுவிய?"

அவர் மிஷின் பெல்ட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது. "போதும்னு சொல்ல முடியாது அக்கா" என்றார்.

"அப்போ இது எப்ப சொகமாவும்?"

"சொகமாவாது. அடக்கி வைக்கலாம். எடுக்கிற வரைக்கும் அடங்கி இருக்கும். நிறுத்தினா வரும்." பெல்ட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "நீங்க கேக்கிற அன்னைக்கு உள்ளத சொல்லணும்னு இருந்தேன். கேக்கதுக்கு முன்ன சொல்லி உங்களப் பயமுறுத்தண்டாம்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு வந்த கோபம் இன்னதென்று சொல்ல முடியாது. நாற்பத்தொரு நாளுக்கு ஒரு முடிவு உண்டு. எண்பத்திரண்டு நாளுக்கு உண்டு. முடிவுள்ள மருந்தைச் சாப்பிடுகிறவளுக்கு ஒரு நோய் வந்திருக்கிறது, அது போய்விடும். முடிவில்லாத மருந்தைச் சாப்பிடுகிறவள் சாகும்வரை நோயாளி. நான் நோயாளி இல்லை. நான் ஜங்ஷனில் கடை வைத்திருக்கிறவள். அதை இப்படிச் சொல்ல எனக்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை. வேறு வார்த்தை வந்தது.

"உனக்கென்ன, சொல்லதுக்கு எளுப்பம்" என்றேன். 'நீங்க' என்பது எங்கேயோ போய்விட்டது. "நித்தமும் மருந்தும் கையுமா நடக்கது எப்படின்னு உனக்கு அறியாமா? ஆளுகளுக்கு அறிவுரை சொல்லிச் சம்பளம் வாங்குத. உனக்க சோலியப் பாத்துப் போ."

அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது. பையை எடுத்துக்கொண்டு, "வாறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு ஏற்றத்தில் இறங்கிப் போனார். என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மாத்திரை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. காலண்டரில் வட்டம் கிடையாது, நீலமும் இல்லை சிவப்பும் இல்லை. பத்தியமும் இல்லை, மறுபத்தியமும் இல்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒழுங்கில்லாமல் மருந்தை விட்டேன். கத்தரியை எடுக்கும்போதெல்லாம் விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் சிஸ்டர் வந்தார். கையில் பிரஷர் மிஷின் இல்லை, ஒரு துணிக்கடைப் பை இருந்தது. தம்பிக்குக் கல்யாணம், பட்டுச் சேலைக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும் என்றார். என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார், ஒன்றும் நடக்காததுபோல. அந்தப் பக்கத்திலேயே எத்தனையோ தையல்காரிகள் இருக்கிறார்கள். நான் பேசியதற்குப் பிறகு என்னிடம் வரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

உள்ளே கூட்டிப்போய் அளவு எடுத்தேன். எப்போதும் அவர் முழுக்கைச் சுடிதார்தான் போடுவார். ஜாக்கெட்டுக்குக் கைச்சுற்று எடுக்க வேண்டும் என்றதும் கொஞ்சம் தயங்கினார். பிறகு கையை மேலே சுருட்டினார். டேப்பைச் சுற்றியபோது மேல்கையின் பின்பக்கம் என் விரலில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தேன். அந்த இடம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். சில பழையவை, கறுத்தவை. ஒன்றைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. மறுகையிலும் அப்படியே. முப்பது வருடமாகப் பெண்களின் கையை அளந்திருக்கிறேன். இது என்ன என்று எனக்குத் தெரியும். சுகருக்குப் போடுகிற ஊசி.

டேப்பை எடுக்க மறந்து நின்றேன்.

"எப்ப தொடங்கினது?" என்று கேட்டேன்.

"பதினொண்ணாம் வயசில" என்றார். "ஒரு நாளைக்கு நாலு."

ஒரு நாளைக்கு நான்கு ஊசி. பதினொரு வயதிலிருந்து. அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் நான் கேட்டேன், நித்தமும் மருந்தும் கையுமாக நடப்பது எப்படி என்று உனக்குத் தெரியுமா என்று. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரையில் வெட்டுத்துணிகள் கிடந்தன.

"என்னத்துக்கு மக்கா சொல்லாம இருந்த?" என்றேன். "முதல் நாளே சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா?"

"சொல்லியிருந்தா நீங்க எனக்கு வேண்டி எடுத்திருப்பிய" என்றார். "பாவம் அந்தப் பிள்ளைன்னு. அது ஒரு மண்டலம் நிக்கும், ரெண்டு நிக்கும். நாளைக்கு எனக்கு வேற எடத்துக்கு மாற்றம் வந்தா அப்போ யாருக்கு வேண்டி எடுப்பிய? உங்க கைக்கு வேண்டி எடுக்கணும் அக்கா."

மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. எனக்கு அது வராது என்று முன்பே சொன்னேன். "கழுத்து எறக்கம் எவ்வளவு வேணும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அளவை எழுதி முடித்ததும், அவர் முன்னாலேயே, இரண்டு நாளாக என் கைப்பையில் தொடாமல் கிடந்த மாத்திரையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். ஜெபம் செய்ய மறந்துபோனது. கர்த்தர் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்.

அந்த ஜாக்கெட்டை நான்தான் வெட்டினேன், நான்தான் தைத்தேன். மெஷினில் இருந்த பெண்களைத் தொடவே விடவில்லை. பட்டு ஜாக்கெட் கையை மேலே சுருட்ட முடியாது, அவ்வளவு இறுக்கமாக இருக்கும். கல்யாண வீட்டில் இந்தப் பிள்ளை மத்தியானம் ஊசி போட எங்கே போகும், எந்த அறையில் ஜாக்கெட்டைக் கழற்றும் என்று யோசித்தேன். கையின் உள்பக்கத் தையலில் ஒரு சாண் திறந்துவிட்டு, மடித்துப் பட்டி வைத்து, வரிசையாகச் சின்ன ஊக்கு தைத்தேன். மூடினால் வெளியே தெரியாது. திறந்தால் மேல்கை முழுக்க வரும். இரண்டு கையிலும் வைத்தேன். என் தொழிலில் அதற்கு முன் அப்படி ஒன்று தைத்ததில்லை. இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்.

சனிக்கிழமை வாங்க வந்தார். போட்டுப் பார்த்தபோது ஊக்கு விரலில் பட்டது. திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கழற்றினார், ஒவ்வொன்றாக மாட்டினார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இது எதுக்கு அக்கா?" என்று கேட்டார். எதற்கென்று அவருக்குத் தெரியும். குரலிலேயே தெரிந்தது.

"கல்யாண வீட்டில நேரம் தப்பப்பிடாது இல்லியா" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் கேட்பதுபோலவே கேட்டார்.

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"எடுத்தாச்சு" என்றேன். "இப்ப எண்ணது இல்ல மக்கா."